கொன்றவன் கணக்கும் கண்டவர் கணக்கும்

போரில் முதற்கண் மறைக்கப்படுவது பிணத்தின் தொகையே ஆகும். பிடித்த நிலத்தைக் கூட்டிச் சொல்வதும், கொன்ற குடிமக்களைக் குறைத்துச் சொல்வதும் எக்காலத்தும் எந்நாட்டுப் படைக்கும் இயல்பாக இருந்து வந்துள்ளன. ஆயினும், பழைய போர்களில் கொன்றவன் கொல்லப்பட்டவனுக்கு அணித்தே நின்றான். களத்தைக் கண்டவர் பலர் இருந்தனர். தோற்றவன் வாயிலும் ஒரு கணக்கு இருந்தது. ஆளில்லா வானூர்திப் போரிலோ நிலைமை முற்றும் வேறு. கொல்பவன் அமெரிக்காவின் நெவாடாப் பாலையில் ஓர் அறைக்குள் அமர்ந்து திரையைப் பார்த்துக் கொண்டிருக்கின்றான். சாகின்றவன் வசீரித்தான் மலையிலோ, ஏமன் நாட்டு மணற்பரப்பிலோ கிடக்கின்றான். "செத்தவன் யார்? அவன் கையில் இருந்தது படைக்கலமா, மண்வெட்டியா?" என்று அவ்விடத்திலேயே நின்று கேட்பதற்கு எவரும் இலர். கொன்றவனிடம் படம் இருக்கின்றது. அதை அவன் காட்டுவதில்லை. செத்தவனிடம் உண்மை இருக்கின்றது. அதை அவனால் சொல்ல முடிவதில்லை.

இவ்விடைவெளியில்தான் மாந்த உரிமை அமைப்புகள் நுழைகின்றன. அவை தரும் கணக்குகளை, ஒடுக்கப்பட்டோர்பால் பரிவுடைய ஒரு சாரார் ஆய்ந்து பாராமலேயே மெய்யெனக் கொள்கின்றனர். வல்லரசுகளுக்கு வழக்குரைக்கும் மற்றொரு சாரார், படித்துப் பாராமலேயே பொய்யெனத் தள்ளுகின்றனர். இரண்டும் மடமையே. அக்கணக்குகளைத் துலையில் இட்டு நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு நிறுக்கும்பொழுது, அரசுகள் தரும் கணக்கையும் அதே துலையில் இட்டு, அதே படிக்கற்களால் நிறுத்தல் வேண்டும். ஒருவன் கணக்குக்கு ஒரு படியும், மற்றவன் கணக்குக்கு வேறு படியும் வைத்து நிறுப்பது வணிகத்திலேயே குற்றமெனில், உயிர்க்கணக்கில் அஃது எத்துணைப் பெரிய குற்றம்!

கருவியும் களமும்

ஆளில்லா வானூர்தி முதலில் வேவு பார்க்கவே பயன்பட்டது. 2001-ஆம் ஆண்டில்தான் ஏவுகணை பூட்டி அதனைப் போருக்கு விடுத்தனர். 2002 நவம்பர் 3-ஆம் நாள், ஏமன் நாட்டின் மாரிபு மாநிலத்தில் சென்று கொண்டிருந்த ஓர் உந்தினை அமெரிக்க நடுவண் உளவுத்துறை இவ்வகை வானூர்தியால் தாக்கி, உள்ளிருந்த அறுவரைக் கொன்றது. 2004 சூன் திங்களில், பாக்கித்தானின் தென் வசீரித்தானில் தாலிபான் சார்புடைய தலைவன் ஒருவன் கொல்லப்பட்டான். அதைச் செய்தது தன் படையே என்று பாக்கித்தான் அப்பொழுது கூசாமல் கூறியது. ஆக, இக்கொலைக்கருவி பாக்கித்தானுக்குள் நுழைந்தபொழுதே பொய்யும் அதனுடன் நுழைந்துவிட்டது என்க.

பெயரும் முகமும் தெரிந்த ஒருவனைத் தேடிக் கொல்வது ஒரு முறை. பெயரே தெரியாத ஒரு கூட்டத்தை, அது நடந்து கொள்ளும் பாங்கினை மட்டும் மேலிருந்து நோக்கி, 'இவர்கள் போராளிகளாகத்தாம் இருத்தல் வேண்டும்' என்று துணிந்து கொல்வது மற்றொரு முறை. 2008-ஆம் ஆண்டு தொடங்கி இவ்விரண்டாம் முறை பாக்கித்தானில் பெருகிற்று. 2010-ஆம் ஆண்டில் மட்டும் அங்கு நூற்றுக்கு மேற்பட்ட தாக்குதல்கள் நிகழ்ந்தன. கொல்லப்பட்டவர்களில் பலருடைய பெயர், கொன்றவனுக்கே தெரியாது. பெயர் தெரியாதவனைக் கொன்றுவிட்டு, 'அவன் குற்றவாளியே' என்று எவ்வாறு உறுதி கூற இயலும் என்னும் வினாவே இச்செய்தி முழுமைக்கும் வேர்வினா ஆகும்.

இனி, களத்தின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் வசீரித்தான், வெள்ளையர் 1901-இல் இயற்றிய எல்லைப்புறக் குற்றச் சட்டத்தின்கீழ்க் கிடந்தது. ஒருவன் செய்த குற்றத்திற்காக அவன் குடியினர் அனைவரையுமே ஒறுப்பதற்கு அச்சட்டம் இடந்தந்தது. அம்மண்ணின் மக்களுக்கு முறைமன்றம் என்பது எட்டாப் பொருளாக இருந்தது. 2018-ஆம் ஆண்டில்தான் அப்பகுதி கைபர் பக்தூன்குவா மாநிலத்துடன் இணைக்கப்பட்டு அச்சட்டம் நீங்கிற்று. வெளியார் அங்கு நுழைவதைப் பாக்கித்தான் படைத்துறை தடுத்து வந்தது. உள்ளிருந்த தாலிபானும் அல்கொய்தாவும், ஒற்றர் என்று ஐயுற்றவர்களைக் கொன்று தெருவில் வீசின. மேலே அமெரிக்க ஏவுகணை, கீழே தாலிபான் கத்தி, சுற்றிலும் பாக்கித்தான் படைவேலி. இம்மூன்றுக்கும் நடுவில் சிக்கிய ஓர் உழவன் வாயிலிருந்து உண்மையைப் பெறுவது எத்துணை அரிது என்பதை எவரும் உணர்தல் கூடும்.

அமைப்புகள் சொன்னவை

அனைத்துலக மன்னிப்பு அவையும், மாந்த உரிமைக் கண்காணிப்பகமும் 2013 அக்தோபர் 22-ஆம் நாள், ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டன. முன்னது பாக்கித்தானைப் பற்றியது. பின்னது ஏமனைப் பற்றியது.

மன்னிப்பு அவை, 2012 சனவரி முதல் 2013 ஆகசுட்டு வரை வட வசீரித்தானில் நிகழ்ந்த 45 தாக்குதல்களைத் தொகுத்து, அவற்றுள் ஒன்பதை விரிவாக ஆய்ந்தது. அவ்வொன்பதில் இரண்டு உலகின் கண்களைத் திறந்தன. 2012 சூலை 6-ஆம் நாள் மாலை, பகலெல்லாம் உழைத்துவிட்டு உணவுக்காகக் கூடியிருந்த கூலியாள்கள்மீது ஏவுகணை விழுந்தது. விழுந்தவர்களைத் தூக்க ஓடி வந்தவர்கள்மேல் மறுபடியும் விழுந்தது. பதினெண்மர் மாண்டனர். அவர்களுள் ஒருவன் பதினான்கு அகவைச் சிறுவன். அதே ஆண்டு அக்தோபர் 24-ஆம் நாள், தம் குடும்பத்து நிலத்தில் காய் பறித்துக் கொண்டிருந்த 68 அகவை மூதாட்டி ஒருவர், பேரப்பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே சிதறிப் போனார். அம்மூதாட்டி எந்தப் படையின் தலைவர்? எந்தக் குண்டு வைக்கத் திட்டமிட்டார்? இன்றுவரை எவரும் விடை கூறவில்லை.

மாந்த உரிமைக் கண்காணிப்பகம், ஏமனில் 2009-க்கும் 2013-க்கும் இடையில் நடந்த ஆறு தாக்குதல்களை ஆய்ந்தது. அவற்றில் இறந்தோர் 82 பேர் என்றும், அவர்களுள் குறைந்தது 57 பேர் பொதுமக்கள் என்றும் அது கணக்கிட்டது.

இவற்றிற்கு ஓராண்டு முன்னர், 2012 செப்டம்பரில், இசுடான்போர்டு, நியூயார்க்கு ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகள், 130-க்கும் மேற்பட்டோரை வினவி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தன. இலண்டனில் இயங்கிய புலனாய்வு இதழியல் பணியகமோ தாக்குதல் ஒவ்வொன்றையும் நாள்வாரியாகப் பதிந்து வந்தது. 2004 முதல் 2018 வரை பாக்கித்தானில் நிகழ்ந்த 430 தாக்குதல்களில் 2,515 முதல் 4,026 பேர் வரை இறந்தனர் என்றும், அவர்களுள் பொதுமக்கள் 424 முதல் 969 வரை என்றும் அதன் கணக்கு கூறுகின்றது.

அமைப்புகளை நிறுத்துப் பார்த்தல்

இக்கணக்குகளின்மேல் எழுப்பப்படும் வினாக்கள் பல. அவற்றுள் வெற்று வசைகளைத் தள்ளிவிட்டு, பொருளுள்ள ஐந்தினை மட்டும் ஈண்டு எடுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, கண்டவர் கூற்று நம்பத்தக்கதா என்பது. தாலிபான் ஆட்சி செலுத்தும் ஊரில், 'இறந்தவன் தாலிபான்தான்' என்று சொல்ல எவன் துணிவான்? தன் மகன் படைக்கலம் ஏந்தியவனே ஆயினும், 'அவன் ஒன்றும் அறியாதவன்' என்று சொல்லாத தாய் உண்டா? இவ்வினா முறையானதே. ஆகவேதான் ஒருவர் கூற்றை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. பலரைத் தனித்தனியே வினவுதல், ஏவுகணைச் சிதறல்களைப் படமெடுத்தல், புண்பட்டோரின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தல், செயற்கைக்கோள் படத்துடன் இடத்தை ஒப்பிடுதல் ஆகிய நான்கும் கூடும்பொழுதே கூற்று சான்றாகின்றது. அவ்வாறு கூடாத இடத்தில் அஃது ஐயத்துக்குரிய கூற்றாகவே நிற்கும்.

இரண்டாவது, சான்றாளர்களைத் திரட்டித் தந்தவர் யார் என்பது. மேற்கூறிய இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வு, இறந்தோர் குடும்பங்களுக்காக வழக்காடி வந்த ஓர் அமைப்பின் வேண்டுகோளின்மேல் தொடங்கப்பட்டது. துன்புற்றோரைக் கண்டு பேசுவதற்கும் வழக்கில் ஈடுபட்ட சட்டத்தரணியரே துணை நின்றனர். இதனை அவ்வறிக்கையே ஒளிக்காமல் கூறுகின்றது. ஒரு கட்சிக்காரர் அழைத்து வந்த சான்றாளர் பொய்யுரைப்பர் என்பதில்லை. ஆனால் அவரே ஊர் முழுமைக்கும் பேராளர் என்று கொள்ளுதலும் இயலாது. அவ்வறிக்கை, வானில் ஓயாது சுற்றும் பொறியின்கீழ் வாழும் மக்களின் அச்சத்தைக் காட்டுவதற்குச் சிறந்த சான்று. இறந்தோர் தொகையைக் காட்டுவதற்கு அத்துணைச் சிறந்த சான்றன்று.

மூன்றாவது, சிலவற்றைக் கொண்டு பலவற்றை அளத்தல். நூற்றுக்கணக்கான தாக்குதல்களில் ஒன்பதையும், ஆறையும் மட்டும் ஆய்ந்துவிட்டு, 'எல்லாமே இப்படித்தான்' என்று கூறல் பொருந்துமா? பொருந்தாது. முறைப்பாடு எழுந்தவற்றையே இவ்வமைப்புகள் பெரும்பாலும் ஆய்கின்றன. ஆகலின், 82-இல் 57 என்னும் கூறினை எல்லாத் தாக்குதல்களுக்கும் பெருக்கிக் காட்டுவது கணக்கறியாமை. ஆனால், 'பொதுமக்கள் எவரும் சாகவில்லை' என்று ஓர் அரசு கூறும்பொழுது, அதனைப் பொய்ப்பிக்க ஒரே ஒரு மூதாட்டியின் சாவே போதும் என்பதையும் மறத்தல் ஆகாது.

நான்காவது, கருவிகளைக் கலந்து எண்ணுதல். இஃது ஏமன் அறிக்கையைப் படிப்போர் தலையாயதாகக் கருத வேண்டிய செய்தி. அந்த 57 பேரில் 41 பேர், 2009 திசம்பர் 17-ஆம் நாள் அல்மசாலா என்னும் ஊரில் நடந்த ஒரே தாக்குதலில் இறந்தவர்கள். அவர்களைக் கொன்றது ஆளில்லா வானூர்தி அன்று. கொத்துக் குண்டுகளைச் சுமந்து வந்த நெடுந்தொலைவு ஏவுகணை. அதனை நீக்கிவிட்டால், எஞ்சிய ஐந்து தாக்குதல்களில் இறந்த 27 பேரில் பொதுமக்கள் 16 பேர் ஆவர். இவ்வேறுபாட்டைக் கண்காணிப்பகம் தன் அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதியுள்ளது. அதைப் படியாமல், '57 பேரை ஆளில்லா வானூர்தி கொன்றது' என்று பறை சாற்றியவர்களே பிழை செய்தவர்கள். கொலையின் கொடுமை இதனால் குறைவதில்லை. ஆனால் ஒரு கருவியின்மேல் வழக்குத் தொடுப்பவன், மற்றொரு கருவி செய்த கொலையை அதன் கணக்கில் எழுதினால், வழக்கே ஆட்டங்கண்டுவிடும்.

ஐந்தாவது, சாவையும் குற்றத்தையும் ஒன்றாக எண்ணுதல். பொதுமக்கள் இறந்தனர் என்பதனாலேயே போர்ச்சட்டப்படி அது போர்க்குற்றம் ஆகிவிடுவதில்லை. தாக்கியவன் எதை அறிந்திருந்தான், எதை அறிய முயன்றான், எய்த நினைத்த படைப்பயனுக்கும் விளைந்த உயிரிழப்புக்கும் உள்ள அளவு யாது என்பவற்றையெல்லாம் சட்டம் கேட்கின்றது. இதை அமைப்புகள் அறியாமல் இல்லை. ஆறு தாக்குதல்களில் இரண்டே தெளிவான சட்டமீறல் என்றும், ஏனையவை மீறலாக இருத்தல் கூடும் என்றும் கண்காணிப்பகம் தரம் பிரித்தே எழுதிற்று. மன்னிப்பு அவையும் 'போர்க்குற்றமாகலாம்' என்றுதான் எழுதிற்று. 'ஆகலாம்' என்பதைச் செய்தித்தாள்களின் தலைப்புகள் 'ஆகும்' என்று மாற்றிவிட்டன.

எண்கள் எவ்வாறு ஊதிப் பெருக்கப்படும் என்பதற்குப் பாக்கித்தான் இதழ்க் கணக்கு ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. 2006 முதல் 2009 ஏப்ரல் வரை நடந்த 60 தாக்குதல்களில் இறந்த 701 பேரில் 687 பேர் பொதுமக்கள் என்று அது கூறிற்று. எஞ்சிய 14 பேர், பெயர் தெரிந்த அல்கொய்தாத் தலைவர்கள். அஃதாவது, பெயர் பெற்ற தலைவர் அல்லாதார் அனைவரும் பொதுமக்களே என்று எண்ணிவிட்டனர்! தலைவர்கள் மட்டும் இருந்து போராளிகளே இல்லாத படை உலகில் எங்கேனும் உண்டா? அவ்வாண்டு மே திங்களில் அமெரிக்க இதழ் ஒன்றிலேயே இவ்வெண் எடுத்தாளப்பட்டு, உலகெங்கும் பரவிற்று. இன்றும் அது சில மேடைகளில் முழங்குகின்றது.

அரசுகளை நிறுத்துப் பார்த்தல்

இனி, அதே துலையில் அரசுகளின் கணக்கை இட்டுப் பார்ப்போர் காண்பது யாது?

2011 சூன் திங்களில், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பாதுகாப்பு அறிவுரையாளராக இருந்த சான் பிரென்னன், ஏறத்தாழ ஓராண்டாக இத்தாக்குதல்களில் பொதுமக்கள் ஒருவர்கூட இறக்கவில்லை என்று கூறினார். அதற்கு மூன்று திங்களுக்கு முன்னர்தான், அவ்வாண்டு மார்ச்சு 17-ஆம் நாள், வட வசீரித்தானின் தத்தா கேல் என்னும் ஊரில், ஒரு கனிமச் சுரங்கச் சிக்கலைத் தீர்க்கக் கூடிய ஊர்ப்பெரியோர் மன்றத்தின்மேல் ஏவுகணை விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டிருந்தனர். பாக்கித்தானின் படைத்தலைவரே அதனை வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அவ்வோராண்டில் பத்துத் தாக்குதல்களில் குறைந்தது 45 பொதுமக்கள் இறந்தனர் என்று இலண்டன் பணியகம் மறுத்தது.

நாற்பது பிணங்களை எவ்வாறு ஒன்றுமில்லை ஆக்க முடிந்தது? விடை 2012 மே திங்களில் நியூயார்க்கு டைம்சு இதழில் வெளிவந்தது. தாக்கப்பட்ட இடத்தில் இருந்த, போர் செய்யும் அகவையுள்ள ஆடவர் அனைவரையும் போராளிகள் என்றே எண்ணுவதாம். இறந்த பின்னர் ஒருவன் குற்றமற்றவன் என்பதற்கு வெளிப்படையான சான்று கிடைத்தால் மட்டும் மாற்றி எழுதுவதாம்! பாக்கித்தான் இதழ், தலைவர் அல்லாதார் அனைவரையும் பொதுமக்கள் ஆக்கிற்று. அமெரிக்க அரசோ ஆடவர் அனைவரையும் போராளிகள் ஆக்கிற்று. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆனால் ஒன்று, சான்று இல்லாத ஓர் இதழின் பிழை. மற்றொன்று, சான்று அனைத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் அரசு வகுத்த முறை. இவ்வேறுபாடு சிறிதன்று.

பாக்கித்தான் அரசின் கணக்கோ இதனினும் விந்தையானது. தாக்குதல்களில் குறைந்தது 400 பொதுமக்கள் இறந்தனர் என்றும், போராளிகள் அல்லாதார் என்று கருதத்தக்கார் மேலும் 200 பேர் என்றும், அவ்வரசு ஒன்றிய நாடுகள் அவையின் தனி அறிக்கையாளர் பென் எம்மர்சனிடம் கூறியிருந்தது. 2013 அக்தோபரில் அவர் அறிக்கை அதனை வெளியிட்டது. அதே திங்களின் முடிவில் அவ்வரசின் பாதுகாப்பு அமைச்சகம், 2008 முதல் நடந்த 317 தாக்குதல்களில் இறந்த பொதுமக்கள் 67 பேரே என்று தன் நாட்டு மேலவையில் கூறிற்று. அவ்வாண்டு சூலையில் வெளியான அவ்வரசின் உள்ளாவணம் ஒன்றோ, 2006 முதல் 2009 வரை நடந்த 75 தாக்குதல்களில் மட்டுமே 147 பொதுமக்கள் இறந்ததாகவும், அவர்களுள் 94 பேர் சிறார் என்றும் பதிந்திருந்தது. ஓர் அரசுக்கே மூன்று நாக்குகள்!

ஏமனிலும் இதே கதைதான். அல்மசாலாவில் குண்டு வீசியது தன் படையே என்றும், அழிந்தது அல்கொய்தாவின் பயிற்சித் தளம் என்றும் ஏமன் அரசு உலகுக்கு அறிவித்தது. 2010 சூன் திங்களில் மன்னிப்பு அவை, அவ்விடத்தில் கிடந்த அமெரிக்க ஏவுகணைச் சிதைவுகளின் படங்களை வெளியிட்டது. அவ்வாண்டு இறுதியில் வெளியான அமெரிக்கத் தூதரக மறையாவணம், குண்டுகள் தம்முடையவை என்றே தொடர்ந்து சொல்வதாக ஏமன் தலைவர் அமெரிக்கப் படைத்தலைவரிடம் வாக்களித்ததைக் காட்டிற்று. அமைப்பு சொன்னது மெய்யாயிற்று. இரு நாட்டு அரசுகளும் கூடிக் காத்த பொய் வெளிப்பட்டது.

2016 சூலை 1-ஆம் நாள் அமெரிக்க அரசு முதன்முறையாக ஒரு தொகையை வெளியிட்டது. 2009 முதல் 2015 வரை, போர்க்களம் என அறிவிக்கப்படாத பகுதிகளில் நடத்திய 473 தாக்குதல்களில் இறந்த போராளிகள் 2,372 முதல் 2,581 வரை. போராளிகள் அல்லாதார் 64 முதல் 116 வரை என்றது. அதே காலத்துக்கு இலண்டன் பணியகத்தின் தொகை 380 முதல் 801 வரை ஆகும். எது மெய்? ஒப்பிட்டுப் பார்க்கலாமெனில், அரசின் தாளில் ஊர்ப்பெயர் இல்லை, நாள் இல்லை, தாக்குதல் வாரியான கணக்கு இல்லை, நாட்டின் பெயர்கூடப் பிரித்துக் கூறப்படவில்லை. பணியகத்தின் கணக்கையோ எவரும் வரிவரியாக எடுத்து மறுக்கலாம். மறுக்க முடிந்த கணக்கே ஆய்வுக்குரிய கணக்கு. மறுக்கவே இடந்தராத கணக்கு வெறும் அறிவிப்பு. அவ்வறிவிப்பும் நீடிக்கவில்லை. ஆண்டுதோறும் தொகையை வெளியிடுமாறு ஒபாமா இட்ட ஆணையின் அப்பகுதியை, 2019 மார்ச்சில் அவருக்குப் பின் வந்த திரம்பு நீக்கிவிட்டார்.

கொன்றவன் கண் தவறுமா?

'மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாதது கீழே அழுகின்றவனுக்கா தெரிந்துவிடும்?' என்று கேட்போர் உளர். அதற்கு மூன்று நிகழ்ச்சிகளே விடை கூறும்.

2008 திசம்பர் 29-ஆம் நாள், காசாவில் ஒரு சரக்குந்தில் ஏவுகணைகளை ஏற்றினர் என்று கூறி இசரேல் தாக்கிற்று, எண்மர் இறந்தனர், மேலிருந்து எடுத்த படத்தையும் வெற்றிச் சான்றாக வெளியிட்டது. அவை உயிர்வளி உருளைகள் என்று இசரேலிலேயே இயங்கும் உரிமை அமைப்பு ஒன்று சான்று காட்டிற்று. பின்னர் இசரேல் அரசும் அதனை ஒப்புக்கொண்டது. ஆனால் இறந்த எண்மரில் நால்வர் போராளிகள் என்று அது வழக்காடிற்று. சரக்கு இன்னது என்பது தீர்ந்தது. செத்தவர் யாவர் என்பது தீரவில்லை.

2015 சனவரியில், பாக்கித்தான் எல்லைப்பகுதியில் தாக்கப்பட்ட ஒரு வளாகத்தில், அல்கொய்தா சிறைப்பிடித்து வைத்திருந்த அமெரிக்கர் ஒருவரும் இத்தாலியர் ஒருவரும் இருந்தனர். நூற்றுக்கணக்கான மணி நேரம் அவ்வளாகத்தைக் கண்காணித்த பின்னரும், அவர்கள் உள்ளிருப்பது தெரியவில்லை என்று அமெரிக்க அரசே கூறிற்று. ஏப்ரல் திங்களில் ஒபாமா உலகின்முன் நின்று வருத்தம் தெரிவித்தார். தெரிவித்தது நன்றே. ஆனால், மூன்று திங்களில் வந்த அவ்வருத்தம், காய் பறித்த மூதாட்டியின் குடும்பத்துக்கு ஏன் வரவில்லை? வெள்ளையர் பிணத்துக்குப் பெயர் உண்டு. வசீரித்தான் பிணத்துக்கு எண் மட்டும்தானா?

2021 ஆகசுட்டு 29-ஆம் நாள், காபூலில் வெடிபொருள் ஏற்றிய உந்து எனக் கூறி ஒன்றினை அமெரிக்கப் படை தாக்கிற்று. அறமான தாக்குதல் என்று அமெரிக்கப் படைத்தலைவர் அதனைப் புகழ்ந்தார். நியூயார்க்கு டைம்சு, தெருக்களில் இருந்த கண்காணிப்புப் படங்களைத் திரட்டி, அவ்வுந்தில் ஏற்றப்பட்டவை குடிநீர்க் கலங்கள் என்றும், ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர் என்றும் செப்டம்பர் 10-இல் காட்டிற்று. ஒரு கிழமைக்குள் படைத்துறை தன் பிழையை ஒப்புக்கொண்டது. இறந்த பதின்மரும் பொதுமக்கள். அவர்களுள் எழுவர் குழந்தைகள். எவரும் ஒறுக்கப்படவில்லை. தலைநகராகிய காபூலில் படக்கருவிகள் இருந்தமையால் உண்மை இரு கிழமைக்குள் வெளிவந்தது. படக்கருவியே இல்லாத மலையூர்களில் எத்தனை குடிநீர்க் கலங்கள் வெடிபொருள்களாகவே இன்னும் எழுதப்பட்டுக் கிடக்கின்றனவோ!

இன்று இக்கருவி வல்லரசுகளின் தனியுடைமையாக இல்லை. 2022 சனவரி 7-ஆம் நாள், எத்தியோப்பியாவின் திகிராய்ப் பகுதியில், ஏதிலியர் தங்கியிருந்த பள்ளி வளாகம் தாக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டின் சிதைவுகளைக் கொண்டே அது துருக்கியில் செய்யப்பட்டது என்பதை ஆய்வாளர் கண்டனர். உக்ரைனின் கெர்சோன் பகுதியில், உருசியப் படையினர் சிறு வானூர்திகளால் பொதுமக்களைத் துரத்திக் கொன்றதை ஒன்றிய நாடுகள் அவையின் உசாவல் குழு 2025 மே திங்களில் அறிவித்தது. உருசியா மறுத்தது. ஆனால் அக்குழு ஆய்ந்தவற்றுள், அக்கொலைகளைக் காட்டிப் பரப்பப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களும் இருந்தன. கொலைக்கருவியின் கண்ணே கொலைக்குச் சான்றாகிவிட்டது.

முடிவும் கடமையும்

இவையெல்லாவற்றாலும் பெறப்படும் முடிவு ஒன்று. மாந்த உரிமை அமைப்புகளின் கணக்கில் பிழை உண்டு, இடைவெளி உண்டு, ஒருபாற் கோடுதலும் சிற்சில இடங்களில் உண்டு. ஆனால் அப்பிழைகள் பெரிதும் இருட்டில் எண்ணியதால் நேர்ந்தவை. அரசுகளின் பிழையோ, விளக்கைத் தம் கையில் வைத்துக்கொண்டு அதை அணைத்துவிட்டு எண்ணியதால் நேர்ந்தது. இருளை உண்டாக்கியவனே, 'உனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று அடுத்தவனைப் பழிப்பது எவ்வகை ஞாயம்? படத்தைத் தன்னிடம் வைத்திருப்பவன் அதைக் காட்டுக. அதன்பின் கண்டவர் கூற்றைப் பொய்யென்க. காட்டும்வரை, மெய்ப்பிக்கும் சுமை அவன் தோளிலேயே கிடக்கின்றது. ஒருவன் போராளியா, குடிமகனா என்று ஐயம் எழுந்தால், அவனைக் குடிமகனாகவே கொள்ளல் வேண்டும் என்று 1977-ஆம் ஆண்டின் செனீவா இணைப்பு உடன்படிக்கையும் கூறுகின்றது. அமெரிக்கா அதில் இன்றுவரை முறைப்படி இணையவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஒடுக்கப்பட்டோர்க்காகக் குரல் கொடுப்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பத்தை நூறென்று சொல்வது பரிவாகாது. கூட்டிச் சொன்ன ஒரு பொய்யெண், குறைத்துச் சொல்பவன் கையில் கொடுத்த படைக்கலம் ஆகும். அதை வைத்தே அவன் ஒன்பது மெய்யெண்களையும் வெட்டிச் சாய்ப்பான். அமைப்புகள் 'குறைந்தது', 'ஏறத்தாழ', 'ஆகலாம்' என்று எழுதியவற்றை மேடைகளில் விட்டுவிடுதல் ஆகாது. எந்தக் கருவி, எந்த நாள், எந்த ஊர் என்பனவற்றைப் பிரித்தே பேசுதல் வேண்டும். மன்னிப்பு அவையின் அதே அறிக்கை தாலிபானும் அல்கொய்தாவும் செய்த கொலைகளையும் எழுதியுள்ளது. அப்பக்கத்தைக் கிழித்துவிட்டு எஞ்சியதைக் காட்டுபவன், அமெரிக்காவின் கணக்கனைவிட எவ்வகையிலும் உயர்ந்தவன் அல்லன்.

வலியவனுக்குப் படை உண்டு, பொருள் உண்டு, செய்தி பரப்பும் ஏந்துகள் உண்டு. எளியவனுக்கு உள்ளதெல்லாம் உண்மை ஒன்றே. அதனைக் கூட்டியும் குறைத்தும் கெடுத்துவிட்டால், அவன்பால் எஞ்சுவது யாதும் இல்லை. வசீரித்தான் வயலில் இறந்த மூதாட்டி ஒருவரே. ஆயிரம் பேர் என்று சொல்லி அவர் சாவைப் பெரிதாக்க வேண்டுவதில்லை. ஒருவர் என்று உள்ளவாறு சொல்லி, அவ்வொருவர்க்கு விடை எங்கே என்று ஓயாது கேட்பதே போதும். கொன்றவனால் தாங்க முடியாத கேள்வியும் அதுவேயாம்.